கைதட்டல் திரும்பாத அறை

கைதட்டல் திரும்பி வரவில்லை.

ஸ்பீக்கர் மாட்ட வந்த சவுண்டுக்காரர் அறையின் நட்டநடுவில் நின்று இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினார். காலி அறை. நாற்காலி வரவில்லை, கார்ப்பெட் விரிக்கவில்லை, திரை மாட்டவில்லை. சிமெண்ட் தரையும், ஜன்னல்களை அடைத்துப் பூசிய புதுப் பூச்சின் வாடையும்தான். அறை இருக்கிற நீளத்துக்கு, ஒரு தும்மல் போட்டாலே சத்தம் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வந்தது ஒரு 'தொப்'. ஈரத் துணியைத் தரையில் போட்டால் கேட்குமே, அது.

அவர் இன்னொரு முறை தட்டினார். அதே தொப்.

"ஆள் நிறைஞ்ச ஹால்ல தட்டினா இப்படித்தான் கேக்கும் மேடம். மனுஷ உடம்பு சத்தத்தைக் குடிச்சிடும்" என்று சிரித்தார். "எதிரொலி இல்லாத ரூம் அமையுறதெல்லாம் குடுப்பினை. எங்க பொழப்புல பாதி வேலை மிச்சம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காதை வைத்துத்தான் அவள் காலம் தள்ளுகிறாள். மகளுக்கு வீசிங். எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது. இழுக்கும்போது பாப்பாவால் கத்தவும் முடியாது. 'ம்மா' என்று நூல்போல ஒரு குரல் வரும், அவ்வளவுதான். மிக்ஸி ஓடினாலும், டிவி அலறினாலும், அவள் அசந்து தூங்கினாலும் அந்தக் குரல் மட்டும் காதில் விழுந்துவிடும். இதுவரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதெல்லாம் அது விழுந்ததால்தான். அப்படிப்பட்டவள் வீட்டில், கணவர் சினிமா பார்ப்பதற்கென்று, சத்தம் வெளியே போகாத, வெளிச்சத்தம் உள்ளே வராத ஒரு அறை.

"உள்ள உக்காந்துட்டா பாப்பா கூப்பிடுறது கேக்காதுங்க" என்று முதலிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"கதவச் சாத்தினாத்தானே? நீ எதுக்கெடுத்தாலும் பயந்து சாகாத" என்றார் கணவர். நல்ல மனுஷன்தான், வீட்டுக்கு ஒரு குறை வைத்ததில்லை. சினிமா என்று வந்துவிட்டால் மட்டும் தலைகால் புரியாது.

முதல் செட் ஸ்பீக்கர்கள் வந்தன. முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு, அதிர்வுக்கென்று ஒரு பெரிய பெட்டி, எல்லாவற்றுக்கும் சத்தம் கூட்டித் தர ஒரு ஆம்ப்ளிஃபயர். சவுண்டுக்காரர் ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டார். அவள் பின்சுவரோரம் நின்றிருந்தாள். ஸ்பீக்கரின் கறுப்புத் தோல் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் மட்டும் பாதி அறை வரைக்கும் வந்து அமுங்கிப்போகிறது.

"ஆம்ப் பத்தல" என்றார் கணவர்.

"சார், இந்த ஆம்ப் தாராளம். சும்மா வாட்ஸ் ஏத்தி என்ன பண்றது? கம்மி பவர்லயே தொண்டை கிழியக் கத்துற ஸ்பீக்கரா மாத்துவோம்."

அடுத்த வாரம் அகல வாய் வைத்த ஸ்பீக்கர்கள் வந்தன. அவையும் பாதி அறையோடு சரி. சவுண்டுக்காரர் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார், மாற்றிச் செருகினார், தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரே கணவர் கட்சிக்கு மாறிவிட்டார். இருப்பதிலேயே பெரிய ஆம்ப் கொண்டுவருவதென்று முடிவாயிற்று.

இரண்டு பேரும் கேட்டைத் தாண்டிப் பேசிக்கொண்டே போக, அவள் அறையை மூட நின்றாள். உள்ளே புழுக்கமாக இருந்தது. வெளியில் மழைக் குளிர், இங்கே மட்டும் வெதுவெதுப்பு. பூச்சு வாடைக்கு அடியில் இன்னொரு வாடை: கூட்டம் அடைத்த பஸ்ஸில், கண்ணாடியை ஏற்றிவிட்டால் வருமே, வியர்வையும் தலைமுடியும் பழைய மூச்சும் கலந்த அது. விளக்கை அணைக்கக் கையை நீட்டியபோது, யாரும் இல்லாத அந்த அறையில் அவள் "தள்ளுங்க" என்று சொல்லப் பார்த்தாள். ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. அன்றைக்குப் பாப்பாவைப் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டாள்.

பெரிய ஆம்ப் ஒரு மாலையில் வந்தது. பாப்பா மாடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு ஆண்களும் மூச்சுவாங்க அதைத் தூக்கிவந்து இறக்கினார்கள்.

"முதல்ல கதவத் திறந்து வச்சு ஃபுல்லா ஓட்டிடுவோம்" என்றார் சவுண்டுக்காரர். "வீட்ல எந்த ஜன்னல் ஆடுது, எந்தப் பாத்திரம் உருளுதுன்னு பாத்துட்டா, அப்புறம் கதவடைச்சுக்கலாம்."

"பாப்பா மேல இருக்கா" என்றாள் அவள்.

"ஒரு நிமிஷம்தான்மா" என்றார் கணவர்.

படம் இல்லை, பாட்டு இல்லை; தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரே ஒரு உறுமல். சவுண்டுக்காரர் குமிழைத் திருகத் திருக அது காதை விட்டு நெஞ்சுக்கு வந்தது, நெஞ்சை விட்டு வயிற்றுக்குப் போனது, பல் கூசியது. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் வலது தோளில் ஏதோ உரசியது. வெதுவெதுப்பாக. பிறகு இடது கையில். பிறகு இடுப்பில், முதுகில், கன்னத்தில் மயிர் பட்டதுபோல. பஸ் நின்றதும் இறங்குகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல அவள் தன்னையறியாமல் பக்கவாட்டில் ஒடுங்கினாள். உரசல் நிற்கவில்லை. ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லாமல். வெளியே.

திடீரென்று சத்தம் திறந்துகொண்டது. உறுமல் பின்சுவர் வரை போய் மோதி இடியாகத் திரும்பியது.

"கேட்டியா? இதுக்குத்தான் பெரிய ஆம்ப் வேணும்னேன்" என்று கணவர் குதிக்காத குறை.

சவுண்டுக்காரர் ஆம்ப்பை அணைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினார். கைதட்டல் நான்கு சுவரிலும் கணீரென்று உருண்டு வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. தன் கைகளையே பார்த்தார்.

"ஆம்ப் ஆஃப்ல இருக்கு சார்" என்றார் மெதுவாக. "ஆம்ப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரூம் இப்பத்தான் காலியாகியிருக்கு."

அவள் திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். காலியாகியிருக்கிறதென்றால், போனது எங்கே?

கூடத்துக்கு ஓடினாள். வெளியில் மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, சத்தம் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்கிறது, டிக் இல்லை. தன் செருப்பு தரையில் படுவதுகூடக் கேட்கவில்லை. புழுக்கம். அந்த வாடை.

"பாப்பா."

குரல் உதட்டைத் தாண்டவில்லை. அங்கேயே விழுந்துவிட்டது.

"பாப்பா!" அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. தொப். அவ்வளவுதான்.

மாடிப்படியின் உச்சியில் பாப்பா நின்றிருந்தாள். ஒரு கை நெஞ்சில். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. இழுக்கிறது. எவ்வளவு நேரமாக இழுக்கிறது? எத்தனை தடவை கூப்பிட்டாள்? பாப்பாவின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. அந்த உதடுகளை அவளுக்குத் தெரியும். ம்மா. ம்மா.

ஒன்றும் கேட்கவில்லை.

முதல் படியில் கால் வைத்தாள். நெஞ்சில் ஒரு முதுகு தடுத்தது. கண்ணுக்குத் தெரியாத, சூடான, அகன்ற முதுகு. தள்ளினாள். அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால். எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

மேலே, பாப்பா பின்னால் நகர்ந்தாள். இடமில்லாதவர்கள் ஒதுங்குவதுபோலச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவளுடைய கவுன் இரண்டு பக்கமும் நசுங்கியது. தலைமுடி யாரோ மூச்சு விட்டதுபோல ஆடியது. கன்னம் சுவரில் அழுந்த, கண்கள் மட்டும் அம்மாவைத் தேடி இறங்கிவர, சின்ன வாய் அகலத் திறந்தபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.