அழிக்காமல் விட்ட ஒரு தடம்

இந்தச் செம்மண்மேல் கையடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொன்னதில்லை.

சுற்றுலா வந்திருந்த ஐந்து பேரும் சுருட்டுப் படுக்கைக்குள் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நொரீன் வழக்கம்போல விடியலின் சாய்ந்த வெளிச்சத்தில் மணலைப் படிக்கப் போனாள். பாம்பு இழுத்த கோட்டையும் காட்டுநாய் பதித்த நகத்தையும் விருந்தாளிகளுக்குக் காட்டுவதுதான் அவள் வேலை. அணைந்த முல்கா மர விறகின் புகைவாசம், தகரக் குவளையில் ஆறிப்போன தேநீர், எங்கோ ஒரு காகத்தின் இழுவைக் குரல் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஐந்து ஜோடி பூட்ஸ் தடங்களுக்கு நடுவில் மட்டும் ஒரு வெறுங்கால். சின்னது. ஒற்றை இடது கால். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது.

இந்தப் பாலைவனத்துப் பழங்குடியான எங்கள் ஆட்களுக்குக் கால்தடம் முகம் மாதிரி. பெற்றவள் இரண்டாம் முறை பார்க்கத் தேவையில்லை.

நொரீனின் மகள் இறந்துபோய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. இறந்தவர் பெயரை எங்களில் யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லமாட்டேன். நொரீன் ஓர் இலைக்கிளையை ஒடித்து, அந்தத் தடத்தைப் பெருக்கினாள்.

"என்னக்கா, பாலைவனத்தையே பெருக்கறே? இன்னிக்கு ராணியம்மா வராங்களா?" வண்டி ஓட்டும் தங்கை ஆலிவ் கொட்டாவியோடு சிரித்தாள். அக்கா கையிலிருந்த கிளையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இறந்தவர் தடத்தைத்தான் அப்படி அழிப்பது.

"அவளோடதா? அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சோமே. வீட்டுக்குள்ள, வாசல்ல, ரோடு வரைக்கும்!"

"ஒண்ணை மட்டும் விட்டுட்டேன்." நொரீன் மணலையே பார்த்தாள். "பின்பக்கம். துவைக்கிற தொட்டியைக் கவுத்து மூடி வெச்சேன். முடியலடி. அவ இருந்தான்னு சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு."

"அடிப்பாவி. அப்ப அவ எப்படிப் போவா?"

அதை அழித்தால் மகள் விடுபடுவாள். நொரீனிடம் மகளின் எதுவும் மிஞ்சாது.

வீடு அறுபது கிலோமீட்டர். விருந்தாளிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பின்னிருக்கையிலிருந்து கிரெய்க் என்ற தாடிக்காரர், "புள்ளி ஓவியம் கத்துத்தரதா சொன்னீங்களே?" என்றார்.

"முதல்ல வீட்டு வேலை ஒண்ணு இருக்கு, கிரெய்க். அதுவரைக்கும் தொப்பியைத் தேடு. நேத்து மாதிரி அதுமேலயே உக்காந்திருக்கப் போறே," என்றாள் ஆலிவ். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

வழியில் இரண்டு இடத்தில் வண்டி நின்றது. இரண்டு முறையும் நொரீன் கதவைத் திறக்க, கீழே அந்த இடது கால், ஓரம் உதிராமல், இப்போதுதான் வைத்து எடுத்த மாதிரி. விரல்கள் வீட்டுத் திசையில்.

சாவுக்குப் பிறகு பூட்டிய வீடு. காற்று இல்லை. ஈ கூட இல்லை. ஆலிவ் வேலியோடு நின்றுவிட்டாள்.

"நீதான் மூடினே. நீதான்கா திறக்கணும்."

தொட்டி அங்கேயே இருந்தது. நொரீன் குனிந்தாள். உள்ளே ஒரு சத்தம். சர். சர். சர்.

தூக்கினாள்.

விட்டுவைத்தது ஒன்று. அடியில் இருந்தவை எண்ணி மாளாது. எல்லாம் இடது கால். ஒன்றின்மேல் ஒன்று. விளிம்பை ஒட்டியே, சுற்றிச் சுற்றி. இரண்டு வருடமாக வாசல் தேடிய மாதிரி.

கிளையை ஓங்கினாள்.

கண்ணெதிரே மணல் அழுந்தியது. புதிதாக ஒன்று. விரல்கள் அவளைப் பார்த்து.

"அக்கா, பெருக்கு!"

கை இறங்கவில்லை. கிளை நழுவியது. நொரீன் தொட்டியை மெதுவாக, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவது போல, மறுபடியும் கவிழ்த்தாள்.

சர். சர். சர்.

அந்த வீட்டின் பின்பக்கம் முழுக்க சிமெண்டுத் தளம். அந்தப் பெண் பிறப்பதற்கு முந்தின வருடம் போட்டது. அவள் கால் பதிய அங்கே ஒரு பிடி மணல்கூட இருந்ததில்லை.