விரல் விட்டு எண்ணும் சித்தப்பா

வீட்டில் எனக்குப் பாம்புக்காது என்று பெயர். கீழே அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் மாடியில் எனக்குக் கேட்டுவிடும். மோர்ஸையும் அந்தக் காதால்தான் பிடித்தேன்.

மோர்ஸ் என்றால் எழுத்துகளைக் குட்டைச் சத்தமாகவும் நீளச் சத்தமாகவும் ரேடியோவில் அனுப்புவது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான என் சித்தப்பாவுக்கு அதற்கு உரிமம் உண்டு. அவர் புள்ளியும் கோடும் போட்ட அட்டையைப் பார்த்துப் படித்தவர். ஒவ்வொரு சத்தத்தையும் விரல் விட்டு எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து ஓடிப்போயிருக்கும். எனக்கோ ஒவ்வொரு எழுத்தும் ஒரு குட்டி மெட்டு. கடகடவென்று வந்தாலும் எழுதிவிடுவேன்.

கால்விரலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வீடே அவரைக் கேலி செய்தது. நானும்தான். கடைசியில், எனக்கு இது ஒத்துவராது, நீயே கேளு என்று ஹெட்ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சத்தம் வந்தது. ஜவ்வு மாதிரி இழுத்து இழுத்து, அவ்வளவு மெதுவாக. நானும் முட்டி மோதிப் பார்த்தேன். மெட்டு துண்டுதுண்டாக உடைந்தது, ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

ஆனால் அதே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள்! ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. வெறுத்துப்போய் ரேடியோவை அணைத்துவிடுவாரோ!

கீழே ஓடினேன். சித்தப்பா ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தார்.

"சித்தப்பா, எனக்கு ஒண்ணுமே புரியல. உங்க விரல்தான் வேணும்."

மறுபடியும் கேலியோ என்று முகத்தைப் பார்த்தார். பிறகு கிரீஸ் கையோடு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"யாராவது இருக்கீங்களான்னு கேக்குறாங்க" என்றார் மெதுவாக.

பதிலை ரேடியோவின் விசையில் கடகடவென்று தட்டப் போனேன். கை பாதியில் நின்றது. அந்த மெதுவே எனக்குப் புரியவில்லையே, என் வேகம் கூப்பிட்டவருக்கு எங்கே புரியப்போகிறது? சித்தப்பாவை விரல் மடக்கச் சொன்னேன். அவர் ஒரு விரலை மடக்கினால் நான் ஒரு தட்டு. இருக்கோம் என்று சொல்லவே வெகுநேரம் ஆனது.

பிறகு சத்தம் வந்தது, இந்த முறை தடுமாறித் தடுமாறி. சித்தப்பா எண்ணி எண்ணிச் சொன்னார். ரேடியோவில் அவருக்கு இதுதான் முதல் நாளாம். காலையிலிருந்து கூப்பிட்டாராம். நாங்கள்தான் முதல் பதிலாம்.

இன்னொரு கேள்வியும் வந்தது.

"நீங்களும் இப்பத்தான் கத்துக்கிறீங்களான்னு கேக்குறாங்க. என்ன சொல்லப் போற, பாம்புக்காது?" என்று ஓரக்கண்ணால் பார்த்தார் சித்தப்பா.

அவர் விரலைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தட்டினேன்.

"ஆமா. எங்க சித்தப்பாகிட்ட."