குவளையின் அடியில் கிடந்த காசு

காலை ஒன்பது மணி. உறைபெட்டியைத் திறந்த ஆய்வகத் தலைவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு குவளை உண்டு. அதில் உறைந்த பனிக்கட்டி, அதன்மேல் ஒரு காசு. பெட்டி நின்றுபோய்ப் பனி உருகினால் காசு மூழ்கிவிடும், யாரும் மறைக்க முடியாது என்பதற்கான ஏற்பாடு அது. இன்று காசு அடியில் கிடந்தது. நோயாளிகளின் செல்கள் இருந்த குப்பிகள் எல்லாம் பாழ். நான்கு வருட உழைப்பு.

பெட்டியோ இப்போது ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கும் இடத்தில்தான் இருந்தது. இரவில் மின்தடையும் இல்லை.

"பெருக்க வர்ற நீதான் இதைப் பிடுங்கிட்டு போனுக்கு சார்ஜ் போட்டிருக்கணும்!"

துப்புரவுப் பெண்ணின் பையை மேசைமேல் கவிழ்த்தார் தலைவர். டிபன் பாக்ஸ், சீப்பு, மாற்றுச் சேலை, போன் சார்ஜர்.

"சத்தியமா நான் இல்லைங்க" என்றாள் அவள்.

வாசலில் ஓர் அண்ணனும் தங்கையும் நின்றார்கள். அந்த வட்டாரத்தில் ஆய்வகக் கட்டடங்களுக்கு எவ்வளவு கிராக்கி, இனி எவ்வளவு வளரும் என்று ஒரு கட்டுமான நிறுவனத்துக்காக ஆராய்வது அவர்கள் பிழைப்பு. முந்தின நாள் சாவி வாங்கி இந்த ஆய்வகத்தை அளந்தார்கள்; மாலையில் லேசர் அளவுகோல் செத்துப்போனதால் பாதியில் நின்றது. இன்று அது அண்ணன் கையில் இருந்தது. அவர் தோள்பையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியின் தடித்த பிளக் எட்டிப் பார்த்தது.

"இவங்களை வேலையை விட்டு அனுப்பிடுங்க சார், வேற என்ன பண்றது?" என்றார் அண்ணன்.

தங்கைக்குச் சுருக்கென்றது. யாரும் கேட்காத யோசனையை இவர் ஏன் சொல்கிறார்?

"சார், அலாரம் அடிக்கலையா?"

"பேட்டரி செத்து மூணு மாசம் ஆச்சு." தலைவர் வேறு பக்கம் பார்த்தார்.

"இந்த ரூம்ல வேற சாக்கெட் காலியா இருக்கா?"

"எங்கம்மா! இடமே பத்தாம தவிக்கிறோம்."

அது அவளுக்கே தெரியும். நல்ல கிராக்கிதான் என்று நேற்று சந்தோஷப்பட்டவள் அவள்தான்.

உறைபெட்டியின் பிளக்கை ஒரு நொடி உருவி, அந்த இடத்தில் போன் சார்ஜரைச் செருகினாள். அகலமான துளைகளில் மெல்லிய பின் தொளதொளவென்று ஆடி விழுந்தது.

"இந்த சார்ஜர் இதுல நிக்கவே நிக்காது சார். தடிமனான பின் வேணும்."

"அப்போ யாரு?"

அவள் பார்வை அண்ணனின் தோள்பையில் இருந்த தடித்த பிளக்கில் நின்றது; அவரிடமிருந்து லேசரை வாங்கி அழுத்தினாள். எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று விழுந்தது.

"நேத்து செத்துக் கிடந்துச்சே அண்ணா. எங்க சார்ஜ் போட்டீங்க?"

அண்ணன் தோள்பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். "இந்தப் பெட்டியோட சாக்கெட்லதான். கொஞ்ச நேரத்துல வந்து எடுத்துடலாம்னு நினைச்சு... வீட்டுல கண் அசந்துட்டேன். விடியக்காலையில கையில இருந்த சாவியோட ஓடி வந்து பெட்டி பிளக்கைத் திரும்ப மாட்டிட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா இவங்களைப் போகச் சொன்னீங்க?"

"விஷயம் வெளிய தெரிஞ்சா இனிமே யாரு நமக்கு வேலை தருவா?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. 'இங்கேயே சார்ஜ் போட்டு வைங்க' என்று நேற்று சொல்லிவிட்டுப் போனவளும் அவள்தான். அப்போது எங்கே என்று யோசிக்கவில்லை.

அண்ணன் தலைவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். தலைவர் அடிக்காத அலாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்புரவுப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

தங்கை மேசையருகே போனாள். "மன்னிச்சிடுங்கக்கா" என்று சீப்பை எடுத்துப் பையில் வைக்கப் போனாள்.

"வேணாம்மா. கொட்டும்போது யாரும் என்னைக் கேக்கல. எடுத்து வைக்கறதையாவது நானே பண்றேன்."

தங்கை சீப்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் சேலையை நிதானமாக மடித்து வைக்கும்வரை, மூன்று பேரும் தலைகுனிந்து நின்றார்கள்.