உலகம்மைக்கு இரண்டு நொடி

2091 செப்டம்பர் 17, திங்கட்கிழமை. என் மனைவி உலகம்மை சொல்லாத ஒரு சொல்லை, அவள் சொன்னதாக அரசு பதிவு செய்துள்ளது. இஃது, ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என் முறையீடு.

நாள்தோறும் காலை ஆறு மணிக்கு, எங்கள் தூத்துக்குடி வீட்டின் பணிவிடைப்பொறி அவளிடம், "காப்பி கொண்டு வரட்டுமா?" என்று கேட்கும். இரண்டு நொடி கழிந்ததும், "கொண்டு வா" என்று அவளுடைய குரலிலேயே விடையும் சொல்லிக்கொள்ளும். காத்திருப்பு ஒழிப்புச் சட்டத்தின்படி, எந்தக் கருவியும் விடைக்காக இரண்டு நொடிக்குமேல் காத்திருத்தல் ஆகாது. பெரும்பாலோர் சொல்லக்கூடிய விடையை, முன்னுணரி என்னும் உறுப்பு தானே இட்டு நிரப்பிவிடும். பக்கவாதத்தால் உலகம்மைக்குப் பேச்சு நின்றது, பார்வை மங்கிற்று. ஒரு விரலை அசைக்க அவளுக்கு அரை நிமிடம் வேண்டும். ஆகவே நான்கு ஆண்டுகளாக முன்னுணரியே அவளாகப் பேசிவருகிறது.

சென்ற மாதம் அப்பொறி, "நெடுந்துயிலுக்குச் சம்மதமா?" என்று கேட்டது. மருந்து கண்டுபிடிக்கப்படும் என்னும் நம்பிக்கையில் நோயாளியைக் குளிர்பேழையில் நாற்பது ஆண்டு உறங்கவைப்பதே நெடுந்துயில். இரண்டு நொடி. "சம்மதம்." அவள் கண்விழிக்கும்போது நான் இருக்கமாட்டேன்.

தீர்ப்பாயத்தில் முறையிட்டேன். முன்னுணரி இல்லாத கருவியில், அவளே அச்சிட்ட தாள் வேண்டும் என்றார்கள். அத்தகைய கருவி பிரகாசியிடம் இருந்தது. துறைமுகத்தில் எடைமேடைகளைப் பழுதுபார்க்கும் பெண் அவள். சட்டம் பிறப்பதற்கு முன் செய்யப்பட்ட, நூறாண்டு பழைய கணினி ஒன்றை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். எழுத்துகளை உரக்கச் சொல்ல ஒரு குரல்பெட்டி, உலகம்மையின் விரலுக்கு ஒரு விசை, ஓர் அச்சுப்பொறி என மூன்று புறக்கருவிகள் வேண்டும். கணினியின் முதுகிலோ பாரலல் போர்ட் எனப்பட்ட இணைவாயில் ஒன்றே இருந்தது. அதில் இருபத்தைந்து துளைகள்.

"வாசல் ஒன்றே உள்ளது. மூன்றையும் எங்ஙனம் பொருத்துவாய்?" என்றேன்.

"எங்ஙனமா! சார், வீட்டம்மாகிட்ட சண்டை போடுதப்பவும் இப்படித்தான் பேசுவீகளா?" என்று சிரித்தாள் பிரகாசி. "ஒண்ணு முதுகுல ஒண்ணா மாட்டிருவேன். வகுப்புல அட்டெண்டன்ஸ் எடுத்திருப்பீகள்லா? பேரு கூப்பிட்டவன் மட்டும் வாயத் திறக்கணும். மத்தவன் சும்மா கெடக்கணும்."

முதல் முயற்சியில் மூன்றும் ஒருசேர வாய் திறந்தன. அச்சுப்பொறிக்குச் சென்ற செய்தியைக் குரல்பெட்டி உளறிற்று. தாளில் பூச்சி பூச்சியாய்க் குறிகள் விழுந்தன. பிரகாசி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அழைப்புக்குறி அமைத்தாள். பிறகு நடந்ததை நான் எவ்வாறு எழுதுவேன்! அச்சுப்பொறி ஒரு கம்பியின் வழியே 'பொறு' என்றது, கணினி பொறுத்தது. குரல்பெட்டி ஓர் எழுத்தைச் சொன்னது; சொல்லிவிட்டு, உலகம்மையின் விரலுக்காக அரை நிமிடம் அமைதியாய் இருந்தது. விரல் அசையாவிடில் அடுத்த எழுத்தைச் சொன்னது. மனிதருக்காக இயந்திரம் ஒன்று காத்திருந்ததை என் எண்பத்தொரு வயதில் அன்றுதான் கண்டேன்.

காலையில் தொடங்கி நண்பகலில் ஒரு சொல் முடிந்தது: "சம்மதம்".

அதன்பின் எழுத்துகள் ஒரு சுற்று முழுதும் வந்தும் விரல் அசையவில்லை. மறுசுற்றில் குரல்பெட்டி "இ" என்றது. 'இல்லை' என்றுதானே சொல்ல விரும்புவாள்! என் கை அவள் விரலை அழுத்த நீண்டது.

பிரகாசி என் மணிக்கட்டைப் பற்றினாள். "கையை எடுங்க சார். அந்தப் பொறி ரெண்டு நொடி பொறுத்துச்சு. நீங்க அதவிடக் கொஞ்சம் கூடுதலாப் பொறுத்தீக, அம்புட்டுத்தான்."

நாணித் தலைகுனிந்தேன். இருட்டிய பிறகே வாக்கியம் நிறைவுற்றது:

"சம்மதம் கேளுங்கள். காத்திருக்கிறேன்."

நான்கு ஆண்டுகளில் நானும் அவளைக் கேட்கவில்லை. வியாழனன்று, நடுவர் முன்னிலையில், அக்கேள்வியை நானே கேட்கப்போகிறேன். விடை எதுவாயினும் ஏற்பேன்.

பார்வையாளர் பன்னிருவர் அமர்ந்திருக்கும்வரை விசாரணையை முடித்தலாகாது என்பது தீர்ப்பாயத்தின் நெறி. இரண்டு நொடிச் சட்டம் கருவிகளுக்கு உரியது, இருக்கைகளுக்கு அன்று. ஆதலால் இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன்: வியாழன் காலை பத்து மணிக்கு வாருங்கள். ஒரு பகல் முழுவதையும் ஒதுக்கிவிட்டு வாருங்கள். உலகம்மை சொல்லி முடிக்கும்வரை, ஒருவரும் எழுந்திராதீர்கள்.