காலி நாற்காலியின் அலைகள்

அவள் என்னை மூன்று முறை கூப்பிட்டதாக ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. சரிபார்க்கவும் வழியில்லை. அவள் குரல் இருந்த ஒலிப்பதிவை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அழித்தவள் நான்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், தடித்த உலோகக் கதவுக்குப் பின்னால் அந்த அறை. உள்ளே ஒரு நாற்காலி, அதன் மேல் பெரிய தலைக்கவசம். மூளையில் ஓடும் மின்சாரத்தை, ஊசி குத்தாமல், வெளியிலிருந்தே அளக்கும் கருவி. தினமும் காலையில் ஆளில்லாத நாற்காலியை ஐந்து நிமிடம் பதிவு செய்வேன். கட்டடத்தின் இரைச்சலைத் தெரிந்துகொண்டால்தான் மனிதரின் அலையைப் பிரித்தெடுக்க முடியும்.

அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வலிப்பு நோய்.

"அக்கா, கதவைச் சாத்தினா பயமா இருக்கு. மைக்ல பேசிட்டே இருங்க."

"இருக்கேன்மா. என் பேச்சைக் கேட்டு நீ தூங்காம இருந்தா சரி."

சிரித்தாள்.

சிறிது நேரம் பேசினேன். பிறகு கருவியைப் பராமரிக்கும் பொறியாளர் தேநீரோடு வந்தார். அவருடைய மாமியார் கதையைக் கேட்க, உள்ளறையின் ஒலியை அடைத்தேன். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது திரை முழுக்க வலிப்பலையின் கூர்முனைகள்.

கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?" என்றார் அவள் கணவர்.

"இல்லங்க. கூப்பிடவே இல்ல."

மறுநாள் காலை காலி நாற்காலியைப் பதிவு செய்தேன்.

அதே கூர்முனைகள்.

"லிஃப்டா இருக்கும்," என்று பொறியாளர் போய் லிஃப்டை நிறுத்திவிட்டு வந்தார். முனைகள் அடங்கவில்லை.

"உள்ள யாரும் இல்லல்ல?" என்றார், கிசுகிசுப்பாக.

மைக்கை அழுத்தினேன். "இருக்கேன்மா."

அடங்கின.

விரலை எடுத்தேன். மறுபடி எழுந்தன.

அன்றே அவள் கணவரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன்.

"எத்தன தடவ கூப்பிட்டா?"

"மூணு தடவங்க."

கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு வேலை போனது. பொறியாளர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கருவியைக் கழற்றி இன்னொரு மருத்துவமனைக்கு விற்றார்கள். நான்கு வருடம் கழித்து, அங்கே அதை இயக்கும் பெண் எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, காலி நாற்காலில அலை வருது. தினமும் சரியா நாலு தடவ எழும்புது. அப்புறம் நின்னுடுது. உங்களுக்கும் இப்படி வந்துச்சா?"

நான்கு.

மூன்றல்ல என்று அவள் கணவருக்குக் கடிதம் எழுதினேன். பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. முந்தைய வருடமே அவர் இறந்திருந்தார்.