சுவருக்குள் இறங்கிய சத்தம்

காலை 10.40. ஸ்ரீவராகம் அக்ரகாரத்தின் கடைசி வீட்டில் சுந்தரராமன் கட்டிலில் இறந்து கிடந்தார். முகத்தின் மேல் தலையணை. அதை எடுத்துப் பார்த்துக் கத்தியவள், அவரைக் கவனித்துக்கொள்ள வரும் தங்கபாய். மருந்து வாங்கப் போனதாகவும் கடை பூட்டியிருந்ததாகவும் சொன்னாள். அவள் போனதை யாரும் பார்க்கவில்லை.

11.50. தங்கபாயை ஏற்றிய ஜீப் வாசலில் காத்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஜானவி தலையசைத்தால் கிளம்பிவிடும். அவள் அசைக்கவில்லை. போலீசுக்கு வருமுன் ஐந்து வருஷம் இயந்திர அதிர்வுகளை அளந்தவள். அவசரப்படாமல் இருக்க அந்த வேலை பழக்கியிருந்தது.

வீட்டை விற்கச் சொல்லிச் சுந்தரராமனோடு சண்டை போட்டவன், அதே தெருவில் மாவு அரைத்து விற்கும் தம்பி மகன் வெங்கிடேஷ். ஆனால் பத்திலிருந்து பதினொன்று வரை அவன் வீட்டில் கிரைண்டர் ஓடியது, அவன் அரைத்துக்கொண்டிருந்தான் என்றாள் அவனுக்கு அடுத்த வீட்டு சீதாலக்ஷ்மி.

"நேர்ல பாத்தீங்களா மாமி?"

"பாக்கணுமா? கேட்டேனே! நடுச்சுவர் முனகித்து. கையை வெச்சேன், உள்ளே யாரோ மூச்சு விடறாப்பல இருந்தது. ஸ்வாமி படமெல்லாம் நடுங்கித்து. பயந்து பேடிச்சுப் போய் வாசல்ல வந்து நின்னேன்."

"எத்தனை வருஷமா அரைக்கறார்?"

"எட்டு. நாள் தவறாம, பத்து மணிக்கு."

ஜானவி வெங்கிடேஷின் வீட்டுக்கு நடந்தாள்.

12.20. வெங்கிடேஷின் சமையலறை. சுவரில் பதித்த கருங்கல் மேடையில் கிரைண்டர். உள்ளே மாவு ஓரமெல்லாம் ஏறிக் காய்ந்திருந்தது.

"எப்பவும் இங்கதானா?"

"பின்னே? கால் இருக்குன்னு நடந்தா போகும் மேடம்?"

தரையின் மூலையில் மடித்த சாக்கு. அதில் நான்கு ஆழமான குழிகள்.

"ஓட்டுங்க."

மேடையில் இயந்திரம் அசையாமல், சாதுவாக ஓடியது. அடுத்த வீட்டிலிருந்து சீதாலக்ஷ்மியின் அலறல் வந்தது.

ஜானவி அதைச் சாக்குக்கு இறக்கச் சொன்னாள். கால்கள் நான்கும் குழிகளில் உட்கார்ந்தன. இப்போது அது குதித்துக் குதித்து ஆடியது. அதை ஓடவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ச்சி மட்டுமே இருந்தது.

"ஏன் நிறுத்திட்டா?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"நிறுத்தல மாமி. ஓடிண்டிருக்கு."

12.45. ஜானவி திரும்பி வந்தாள்.

"மோட்டார் எவ்வளவு ஆடுதுங்கறது பாதிதான் வெங்கிடேஷ். அது நிக்கற இடம் அதுகிட்டேருந்து எவ்வளவு சக்தியை வாங்கிக்கறதுங்கறது மீதி. சாக்கு அதை வாங்கிச் சுவருக்குக் கொடுக்காது. கல் அப்படியே கொடுத்துடும். எட்டு வருஷமா சாக்குலதான் ஓட்டினீங்க. இன்னிக்கு மட்டும் மாமிக்குக் கேக்கணும்னு மேடைல ஏத்தினீங்க. ஓடவிட்டுட்டுக் கொல்லை வழியாப் போனீங்க. மாவைத் தள்ளிவிட ஆளில்லாம ஓரமெல்லாம் ஏறிக் காய்ஞ்சிருக்கு. பெரியப்பாவைக் கொன்னது நீங்கதான்."

"மாமிதான் தினமும் கேக்கறாளே!"

"தினமும் கேக்கற சத்தத்துக்கு யாராவது வாசலுக்கு ஓடுவாளா?"

வெங்கிடேஷ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் தடுக்கவே இல்லை மேடம்," என்றான் கடைசியில். "கண்ணைத் திறந்துண்டு சும்மா கிடந்தார்."

வாசலில் தங்கபாயை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள். சீதாலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னதாலே உன்னைக் கொண்டுபோயிருப்பாளேடி!"

"கேட்டதத்தானே சொன்னீங்க மாமி," என்றாள் தங்கபாய். "என்கிட்டதான் யாரும் ஒண்ணும் கேக்கல."