அசையக்கூடாத இருபது நிமிடங்கள்

மழைக்கு ஒதுங்கியவள் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம்.

அந்த ஓவியச் சங்கத்தின் வாசலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "ஐயோ, இது பல்லா, வேலியா?" என்று சிரித்துவிட்டாள். பல்செட் செய்வது அவள் தொழில். கோணல் பல்லைக் கண்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்கம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "போன வருஷம் தவறிட்டாங்க."

திரும்பினாள். மழையில் நனைந்த இமைகளோடு இரண்டு கண்கள்... கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவன் படத்தைக் கழற்றி, தன் மழைக்கோட்டால் சுற்றிக்கொண்டு, நனைந்தபடியே இறங்கிப் போய்விட்டான்.

மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். சரி... அதற்கு மட்டுமா ஒரு வாரமாக நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது?

அடுத்த சனிக்கிழமை போனாள். நாற்பது நாற்காலிகள், டர்பன்டைன் வாசனை. அன்று எல்லோர் முன்னிலையிலும் ஒரு முகத்தை வரைந்து காட்டப்போகிறார்கள். வரையப்போவது யாராம்? ஒரு லிஃப்ட் மெக்கானிக்காம். எட்டிப் பார்த்தாள். அவனேதான்!

செயலாளர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உக்கார வேண்டிய பொண்ணுக்குக் காய்ச்சல். நீ வந்து உக்காரும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஆன்ட்டி, நான் அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை..."

"மணி அடிச்சப்புறம் நூறு வார்த்தை பேசு. இருபது நிமிஷம் அசையக் கூடாது. உதடுகூட! தம்பி, நீங்க வாய மூடவே கூடாது. பாக்குறத எல்லாம் சொல்லிக்கிட்டே வரையணும். அதான் நம்ம சங்கத்துச் சட்டம்."

நல்ல சட்டம்! பேச வந்தவளுக்கு வாய்ப்பூட்டு...

அவளைப் பார்த்ததும் அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஆரம்பித்தான்.

"இடது புருவம் கொஞ்சம் தூக்கல். சண்டைக்காரங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

கூட்டம் சிரித்தது.

"இப்ப காது சிவக்குது. சிவப்பு இன்னும் கொஞ்சம் சேத்துக்கலாம்."

பாவி!

"வாய மூடி வச்சிருக்காங்க, நல்லதாப் போச்சு. எனக்குப் பல்லு வரைய வராது. போன வாரம் ஒருத்தங்க சொன்னாங்க. கோவிச்சுக்கிட்டுப் போய் வீட்டுல வச்சுப் பாத்தேன்... அவங்க சொன்னது சரிதான். எங்கம்மா பாத்திருந்தாலும் சிரிச்சிருப்பாங்க."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் முடியாது.

தூரிகை கண்களுக்கு வந்தது. அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்... பேச்சு நின்றுபோனது.

"தம்பி, சட்டம்!" பின்வரிசையிலிருந்து செயலாளர் அம்மா குரல் கொடுத்தார். "என்ன பாக்குறீங்க, சொல்லுங்க!"

"சொல்லிடுவேம்மா... சொன்னா இவங்க எழுந்து போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

யாரோ விசில் அடித்தார்கள். மீதி இன்னும் ஆறு நிமிடம்! அவளிடம் அசைந்தது இதயம் மட்டும்தான். அதை எந்தச் சட்டம் நிறுத்தும்?

மணி அடித்தது. கூட்டம் காபிக்கு எழுந்தது. அவள் எழவில்லை.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அதுக்கு முன்னாடியே நீங்க மன்னிச்சிட்டீங்க. அதனால... உங்களப் பிடிச்சிருக்கு. அத மட்டும் சொல்லிட்டுப் போயிடுறேன்."

இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை அவன் மெல்ல விட்டான்.

"சொல்லிட்டு எதுக்குங்க போகணும்?"